ஊரைப் படித்தவர்களுக்கு ஊராட்சியில் இடம் எங்கே?

புது தில்லி: கையில் இருக்கும் குச்சியை ஊராரிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கி நில். ஊரக வளர்ச்சியைப் பட்டப் படிப்பாகப் பயிலும் மாணவருக்குக் களத்தில் சொல்லித் தரப்படும் முதல் பாடம் இதுதான். மரத்தடியில் தரையைக் கூட்டி, வண்ணப் பொடி, சுள்ளி, கூழாங்கல், இலை ஆகியவற்றை வைத்துவிட்டால் ஊரார் தங்கள் ஊரைத் தாங்களே வரைந்து காட்டுவார்கள். எந்தத் தெரு எங்கே முடிகிறது, எந்தக் கிணறு யாருக்குச் சொந்தம், எந்த வீட்டில் கைம்பெண் தனியே வாழ்கிறார், எந்த வீட்டார் ஆண்டில் ஆறு மாதம் செங்கல் சூளைக்குப் போய்விடுகிறார்கள் என்பதெல்லாம் சிறிது நேரத்தில் தரையில் பதிந்துவிடும். மாணவரின் வேலை, கேட்பதும் குறித்துக்கொள்வதும் குறுக்கிடாமல் இருப்பதும்தான்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கிராமங்களில் வாழ்ந்தோர் 83 கோடிக்கும் அதிகம். அதாவது நூற்றுக்கு 69 பேர். நாட்டில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் கிராம ஊராட்சிகள் உள்ளன. தம் பகுதிக்கான வளர்ச்சித் திட்டத்தைத் தாமே வகுக்கும் கடமையை அரசியல் சட்டத்தின் வழியே பெற்றவை அவை. மறுபுறம், அந்தத் திட்டத்தை எப்படி வகுப்பது என்று கற்றுக்கொண்டு ஆண்டுதோறும் இளைஞர்கள் பட்டம் பெற்று வெளியேறுகிறார்கள். இவ்விரு தரப்பும் சந்திப்பதற்கான இடம் மட்டும் இந்திய நிர்வாக அமைப்பில் இல்லை. இந்தப் பட்டப் படிப்புகளில் என்ன கற்பிக்கப்படுகிறது என்பதைப் பார்த்தால், அந்த இடம் இல்லாததால் கிராமங்கள் எதை இழக்கின்றன என்பதும் விளங்கும்.

தார்ச்சாலையை விட்டு இறங்கு

ஏறக்குறைய எல்லா ஊரக வளர்ச்சிப் பாடத்திட்டங்களிலும் இடம்பெறும் பெயர், பிரிட்டனின் சசெக்ஸ் பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள வளர்ச்சி ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ராபர்ட் சேம்பர்ஸ். 1970-களில் வட ஆற்காடு மாவட்டத்தில் பசுமைப் புரட்சியின் விளைவுகளை ஆராய்ந்த குழுவில் பங்கேற்றவர் அவர். கிராமத்தைப் பார்வையிட நகரத்திலிருந்து வருவோரின் கண்ணை எவையெல்லாம் மறைக்கின்றன என்று 1983-ல் வெளிவந்த தமது நூலில் அவர் வகைப்படுத்தினார்.

அதிகாரியின் வாகனம் தார்ச்சாலை வரைதான் போகிறது. ஏழைகளின் குடிசைகளோ சாலையிலிருந்து தள்ளி இருக்கின்றன. திட்டம் நடைமுறையில் உள்ள ஊருக்கே அழைத்துச் செல்கிறார்கள். திட்டமே எட்டாத ஊர் கண்ணில் படுவதில்லை. பேச முன்வருபவர் ஊர்ப் பெரியவராகவோ ஆணாகவோ இருப்பார். நோயாளியும் கூலிப் பெண்ணும் வந்து நின்று பேசுவதில்லை. மழைக்காலத்தில் பாதை சேறாகிவிடும் என்பதால் பயணங்கள் வறண்ட மாதங்களில் அமைகின்றன. ஆனால், சென்ற அறுவடையின் தானியம் தீர்ந்து, வேலை மிகுந்து, நோயும் கடனும் சேர்ந்து வரும் காலம் மழைக்காலம்தான். வறுமை கடுமையாக இருக்கும் மாதத்தில் அதைப் பார்க்க ஒருவரும் வருவதில்லை.

இந்தக் குறைகளைக் களையவே 1980-களின் இறுதியில் மக்கள் பங்கேற்பு ஊரக மதிப்பீடு என்ற முறை இந்தியாவில் வேரூன்றியது. கர்நாடகத்தில் மைராடா, குஜராத்தில் ஆகா கான் ஊரக ஆதரவுத் திட்டம் ஆகிய அமைப்புகள் இதில் முன்னோடிகள். சமூக வரைபடம், வள வரைபடம், ஊரின் ஓர் எல்லையிலிருந்து மறு எல்லை வரை மண்ணையும் நீரையும் பயிரையும் பார்த்தபடி நடக்கும் குறுக்கு நடை, மாதவாரியாக வேலை, பசி, நோய், கடன் ஆகியவற்றைக் காட்டும் பருவ அட்டவணை என இதன் கருவிகள் பல. ஊராரின் வாழ்வில் எந்த அலுவலகம் எவ்வளவு பெரிது, எவ்வளவு தொலைவு என்பதைப் பெரிதும் சிறிதுமான வட்டங்களால் காட்டும் படத்துக்கு இந்தியாவில் வழங்கும் பெயர் 'சப்பாத்திப் படம்'.

ஆனால், கருவியைக் கற்பதோடு பாடம் முடிந்துவிடுவதில்லை. வரைபடத்தை எந்த இடத்தில் வைத்து வரைகிறோம் என்பதே பெரிய கேள்வி. கோயில் திடலில் வரைந்தால் தலித் குடியிருப்பு ஓர் ஓரத்தில் புள்ளியாகத்தான் வரும். சில நேரம் அதுவும் வராது. அதே படத்தை அந்தக் குடியிருப்பில் வரைந்தால், மயானத்துக்குப் பாதை இல்லை என்பதும் குடிநீர்க் குழாய் பாதி வழியில் நின்றுவிட்டது என்பதும் முதலில் வந்து விழும். பெண்கள் வரையும் படத்தில் விறகும் தண்ணீரும் இருக்கும் தொலைவு பெரிதாகத் தெரியும். ஒரே ஊருக்கு மூன்று படங்கள் கிடைக்கும். அவற்றில் எதன் மேல் திட்டத்தை எழுப்புவது என்பது அரசியல் தீர்மானம். அதை அரசியல் என்று உணர்ந்து செய்யக் கற்பிப்பதே இப்படிப்பின் சாரம்.

யார் ஏழை?

இரண்டாவது பெரிய பாடம் கணக்கு. புள்ளியியல், மாதிரி ஆய்வு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் படிக்கும் முறை, செலவுக்கும் பயனுக்கும் உள்ள விகிதம், திட்ட அறிக்கை தயாரித்தல், கண்காணிப்பு, மதிப்பீடு ஆகிய அனைத்தும் இதில் அடங்கும். உலர்ந்த பாடமாகத் தோன்றினாலும், இதில்தான் பல கோடிப் பேரின் வாழ்வு தங்கியிருக்கிறது என்பதற்கு 2002-ல் நடந்த வறுமைக்கோட்டுக் கணக்கெடுப்பு ஓர் எடுத்துக்காட்டு.

ஒவ்வொரு குடும்பத்திடமும் 13 அம்சங்கள் பற்றிக் கேட்கப்பட்டது. நிலம், வீடு, உடை, உணவு, கழிப்பிடம், எழுத்தறிவு, கடன், இடப்பெயர்வு எனப் பட்டியல் நீண்டது. ஒவ்வோர் அம்சத்துக்கும் பூஜ்யம் முதல் நான்கு வரை மதிப்பெண், மொத்தம் 52. குறைந்த மதிப்பெண் பெற்றவர் ஏழை. ஆனால், ஒரு மாநிலத்தில் எத்தனை பேரை ஏழைகளாக ஏற்கலாம் என்ற உச்சவரம்பு மத்தியத் திட்டக் குழுவின் மதிப்பீட்டை ஒட்டி முன்னதாகவே வகுக்கப்பட்டிருந்தது. அதாவது, பந்திக்கு எத்தனை இலை என்று தீர்மானித்துவிட்டுப் பசித்தவர்களை எண்ணத் தொடங்கினார்கள். உடையின் எண்ணிக்கையும் கடனின் தன்மையும் ஒரே எடையுள்ள மதிப்பெண்களாயின. உண்மையான ஏழைகள் பெருமளவில் விடுபட்டனர் என்பதை என்.சி. சக்சேனா தலைமையிலான குழு 2009-ல் எடுத்துக்காட்டியது. அதன் பின்னரே 2011-ல் சமூகப் பொருளாதார, சாதிவாரிக் கணக்கெடுப்பு வேறு முறையில் தொடங்கியது.

வகுப்பறையில் இதற்கு எதிர்நிலையில் வைத்துக் கற்பிக்கப்படுவது, ஊராரே செய்யும் தரவரிசை. ஒவ்வொரு குடும்பத்தின் பெயரையும் ஒரு சீட்டில் எழுதி, நன்றாக வாழ்வோர், சமாளிப்போர், தவிப்போர் என்று அடுக்கச் சொல்வது இந்த முறை. அடுக்கி முடித்த பின் கேட்க வேண்டிய கேள்வி, 'இந்தச் சீட்டை ஏன் இங்கே வைத்தீர்கள்?' என்பதுதான். நிலம் இருந்தும் உழைக்க ஆள் இல்லாத வீடு, மாடு இருந்தும் கடனில் மூழ்கிய வீடு, ஓட்டு வீட்டில் வாழ்ந்தும் மருத்துவச் செலவால் சரிந்த வீடு ஆகியவை அப்போதுதான் வெளிப்படும். இந்த முறைக்கும் ஊர்ச் செல்வாக்கு என்ற குறை உண்டு. ஆகவே இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கவும், முரண்படும் இடத்தில் நின்று விசாரிக்கவும் மாணவர் பழக்கப்படுத்தப்படுகிறார்.

அளவுகோல் எங்கே தவறும் என்பதும் பாடத்தில் உண்டு. 2000-ல் தொடங்கிய பிரதமர் கிராமச் சாலைத் திட்டம், சமவெளியில் 500 பேர், மலை மற்றும் பழங்குடிப் பகுதிகளில் 250 பேர் வாழும் குடியிருப்புகளைத் தகுதியானவை எனக் கொண்டது. சமவெளியில் 5,000 பேருக்கும் மலைப்பகுதியில் 3,000 பேருக்கும் ஒரு துணை சுகாதார நிலையம் என்பது சுகாதாரத் துறையின் அளவு. நாடு முழுவதற்கும் திட்டமிட இத்தகைய அளவுகள் தேவை. ஆனால் 490 பேர் வாழும் ஊரிலும் பிரசவ வலி வரும். அளவுகோலுக்கு வெளியே நிற்கும் ஊருக்காக வாதாடத் தெரிந்தவரே நல்ல திட்டமிடுநர்.

சுகோமாஜ்ரி தந்த பாடம்

தில்லியிலிருந்து ஓர் இரவுப் பயணத் தொலைவுகூட இல்லாத சிற்றூர் சுகோமாஜ்ரி. ஹரியாணாவில் சிவாலிக் மலையடிவாரத்தில் உள்ள இவ்வூர், நீர்வடிப்பகுதி மேம்பாட்டைக் கற்கும் மாணவர்கள் தவிர்க்க முடியாத பாடம்.

சண்டீகர் நகருக்கு அழகூட்ட 1958-ல் அமைக்கப்பட்ட சுக்னா ஏரி, 1970-களில் வண்டலால் தூர்ந்துகொண்டிருந்தது. அந்த மண் எங்கிருந்து வருகிறது என்று மத்திய மண்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் சண்டீகர் மையத்தைச் சேர்ந்த பி.ஆர். மிஸ்ராவும் அவரது குழுவினரும் தேடிச் சென்றனர். விடை சுகோமாஜ்ரியின் மேய்ச்சல் சரிவுகளில் கிடைத்தது. வேலி போட்டு, காவல் வைத்து ஆடுகளை விரட்டுவது வழக்கமான வழி. ஆனால் மேய்ச்சலை விட்டால் அம்மக்களுக்கு வேறு பிழைப்பு இல்லை.

சிறிய மண் அணை ஒன்று கட்டி மழைநீரைத் தேக்கியதும் நிலைமை மாறத் தொடங்கியது. வயலுக்குத் தண்ணீர் கிடைத்தவர்கள் சரிவில் ஆடு மேய்ப்பதைக் குறைத்தனர். நிலமில்லாதவர்களுக்கோ அந்தத் தண்ணீரால் பயன் இல்லை. அவர்கள் ஏன் தம் ஆடுகளைக் கட்டிப்போட வேண்டும்? இந்தக் கேள்விக்கு ஊர் கண்ட தீர்வுதான் சுகோமாஜ்ரியைப் பாடநூலில் ஏற்றியது. நிலம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அணை நீரில் சம பங்கு. தேவையில்லாதவர் தம் பங்கை விற்கலாம். பங்கு கிடைத்ததும் காவல் தேவைப்படவில்லை. ஊரே சரிவுகளுக்கு வேலியாயிற்று. புல் வளர்ந்தது, பால் பெருகியது, ஏரிக்கு வரும் வண்டலும் குறைந்தது. பிற்காலத்தில் புல் வருவாயில் வனத்துறைக்கு எவ்வளவு, ஊர்ச் சங்கத்துக்கு எவ்வளவு என்ற பூசலும் எழுந்தது.

முகட்டில் தொடங்கிப் பள்ளத்தாக்கை நோக்கி இறங்கி வர வேண்டும், சம உயரக் கோட்டில் வரப்பு அமைக்க வேண்டும், ஓடும் நீரை நடக்க வைக்க வேண்டும், நடக்கும் நீரை நிற்க வைக்க வேண்டும் என்ற தொழில்நுட்பம் மாணவருக்குச் சில வாரங்களில் கைவந்துவிடும். தண்ணீரில் நிலமற்றவருக்கும் பங்கு உண்டா என்று திட்டம் தீட்டும் நேரத்திலேயே கேட்கும் துணிவுதான் படிப்பின் நீண்ட பகுதி. ஹனுமந்த ராவ் குழுவின் பரிந்துரைப்படி 1994-ல் வெளியான நீர்வடிப்பகுதி வழிகாட்டு நெறிகள் ஊராரை மையத்துக்குக் கொண்டுவந்ததற்குப் பின்னால் இத்தகைய ஊர்களின் அனுபவம் உண்டு.

இந்தப் படிப்பு வந்த வழி

சுதந்திர இந்தியாவின் கிராமத் திட்டமிடல், ஒரு நகரமைப்பு வல்லுநரின் கையில் தொடங்கியது என்பது வியப்பான செய்தி. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவப் பொறியாளராக இந்தியா வந்த ஆல்பர்ட் மேயர், நேருவின் ஊக்கத்தால் 1948-ல் உத்தரப் பிரதேசத்தின் எட்டாவா மாவட்டத்தில் 64 கிராமங்களில் முன்னோடித் திட்டத்தைத் தொடங்கினார். லெ கார்பூசியேவுக்கு முன் சண்டீகர் நகருக்கு முதல் வரைவைத் தயாரித்தவரும் இவரே. எட்டாவா அனுபவமே 1952 அக்டோபர் 2-ல் தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டத்துக்கு அடித்தளம். கிராம சேவகர் என்ற பதவி அப்போதுதான் நாடெங்கும் பரவியது.

அதற்கு முன்பே, 1922-ல் தாகூர் வங்கத்தின் ஸ்ரீநிகேதனில் ஊரகப் புனரமைப்பு நிறுவனத்தை நிறுவியிருந்தார். காந்தியின் ஆதாரக் கல்வி 1937-ல் வார்தாவில் உருப்பெற்றது. டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையிலான பல்கலைக்கழகக் கல்விக் குழு, கிராமப் பல்கலைக்கழகங்கள் வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதன் வழியே 1956-ல் மத்திய அரசு நாட்டின் பல பகுதிகளில் கிராமிய உயர்கல்வி நிறுவனங்களைத் தொடங்கியது. தில்லி ஜாமியா மில்லியாவில் ஒன்று இயங்கியது. டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் உருவாக்கிய திண்டுக்கல் காந்திகிராமத்தில் மற்றொன்று. பெரும்பாலானவை பின்னாளில் வழக்கமான கல்லூரிகளோடு கலந்துவிட்டன. காந்திகிராமம் 1976-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக உயர்ந்து, மாணவர்கள் கிராமத்தில் தங்கிக் கற்கும் வழக்கத்தையும் காத்துவருகிறது.

மற்றொரு வழி 1979-ல் குஜராத்தின் ஆனந்தில் திறந்தது. கோழிக்கோட்டில் பிறந்து, சென்னை லயோலா கல்லூரியிலும் கிண்டி பொறியியல் கல்லூரியிலும் பயின்ற வர்கீஸ் குரியன் அங்கே ஊரக மேலாண்மை நிறுவனத்தை (இர்மா) நிறுவினார். விவசாயிகளின் கூட்டுறவுகளுக்குத் திறமையான மேலாளர்கள் வேண்டும். தனியார் நிறுவனங்களுக்கு மேலாண்மைக் கல்லூரிகள் செய்வதை உழவர்களுக்கு யார் செய்வது என்பது அவரது கேள்வி. நிதி, சந்தை, கணக்கியல் ஆகிய பாடங்களோடு, மாணவர்கள் வாரக்கணக்கில் கிராமத்தில் தங்கி அதன் பொருளாதாரத்தைப் படித்து அறிக்கை எழுதுவது அங்கே கட்டாயம். 2025-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தின்படி, அந்த நிறுவனத்தை உள்ளடக்கித் 'திரிபுவன்' கூட்டுறவுப் பல்கலைக்கழகம் அமைந்துள்ளது. கேடா மாவட்டப் பால் உற்பத்தியாளர் சங்கத்தை 1946-ல் கட்டியெழுப்பிய திரிபுவன்தாஸ் படேலின் பெயர் அது.

ஆனந்தின் வரலாற்றில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே பணியிடம் முதலில் வந்தது. பட்டம் பின்னர் வந்தது. எழுதப் படிக்கத் தெரியாத பால் உற்பத்தியாளர்களும் உறுப்பினர்களாக இருந்த சங்கம், பொறியாளரையும் கால்நடை மருத்துவரையும் மேலாளரையும் சம்பளம் கொடுத்து அமர்த்திக்கொண்டது. படித்தவர் ஊருக்குக் கட்டளையிடவில்லை. ஊரிடம் வேலை பார்த்தார்.

இரண்டு வகுப்பறைகள்

தலைநகரில் இந்தப் படிப்பு இரண்டு வெவ்வேறு வகுப்பறைகளில் பிரிந்து கிடக்கிறது. 1955-ல் நகர் ஊரமைப்புப் பள்ளியாகத் தொடங்கிய இன்றைய திட்டமிடல் மற்றும் கட்டடக்கலைப் பள்ளி, மண்டலத் திட்டமிடலில் முதுநிலைப் பட்டம் வழங்குகிறது. இத்தகைய படிப்பின் மாணவர்கள் மாவட்டத்தையே வரைபடமாகப் பார்க்கப் பழகுகிறார்கள். எந்தச் சிற்றூர் எந்தச் சந்தைக்குப் போகிறது, எந்த ஊரில் பள்ளி அமைந்தால் எத்தனை ஊர்களுக்குப் பயன், நிலப் பயன்பாடு எப்படி மாறுகிறது என்பவை இவர்களுக்குத் தெரியும். செயற்கைக்கோள் படமும் புவித்தகவல் மென்பொருளும் இவர்கள் கருவிகள்.

மைதான்கரியில் உள்ள இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், ஊரக வளர்ச்சியில் எம்.ஏ. பட்டத்தை அஞ்சல் வழியில் நாடெங்கும் கொண்டுசெல்கிறது. இந்தியச் சூழலில் ஊரக வளர்ச்சி, அரசுத் திட்டங்கள், திட்டமிடலும் மேலாண்மையும், ஆய்வு முறைகள், நிலச் சீர்திருத்தம் என்பன அதன் பாடங்கள். இறுதியில் ஓர் ஆய்வேடு. வேலையில் இருந்தபடியே படிக்க விரும்புவோருக்கு இது திறந்த கதவு.

வேறுபட்ட ஒரு முயற்சியும் தில்லியில் நடந்தது. தில்லி அம்பேத்கர் பல்கலைக்கழகம் பிரதான் என்ற தொண்டு நிறுவனத்துடன் இணைந்து 2012-ல் வளர்ச்சிப் பணியில் எம்.பில். படிப்பைத் தொடங்கியது. மாணவர்கள் பல மாதங்கள் மத்திய இந்தியக் கிராமங்களில் தங்கி, அங்குள்ள மக்களோடு சேர்ந்து எதையேனும் மாற்ற முயன்று, அந்த அனுபவத்தையே ஆய்வாக எழுதினர். எம்.பில். பட்டத்தையே பல்கலைக்கழக மானியக் குழு 2022 விதிமுறைகளால் நிறுத்தியபோது, அந்த வடிவமும் முடிவுக்கு வந்தது.

வரைபடம் தெரிந்தவருக்கு ஊராரிடம் பேசும் பயிற்சி குறைவு. ஊராரிடம் பேசத் தெரிந்தவருக்கு நிலப் பயன்பாட்டுச் சட்டம் புதிது. இருவரும் ஒரே ஊராட்சியில் சேர்ந்து பணியாற்றினால் இந்தக் குறை தீரும். அதற்குத்தான் வழியில்லை.

உரிமை உண்டு, கை இல்லை

1993 ஏப்ரல் 24-ல் நடைமுறைக்கு வந்த 73-வது அரசியல் சட்டத் திருத்தம், பொருளாதார வளர்ச்சிக்கும் சமூக நீதிக்குமான திட்டங்களை வகுக்கும் அதிகாரத்தை ஊராட்சிகளுக்கு வழங்க மாநிலங்களுக்கு வழிகாட்டியது. பதினொன்றாவது அட்டவணை 29 துறைகளைப் பட்டியலிட்டது. ஊராட்சி, நகராட்சித் திட்டங்களை ஒருங்கிணைக்க மாவட்டத் திட்டமிடும் குழு வேண்டும் என்று 74-வது திருத்தம் கூறியது. 2015-ல் கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்துக்கான வழிகாட்டு நெறிகள் வந்தன. 2018 முதல் ஆண்டுதோறும் மக்கள் திட்ட இயக்கம் நடத்தப்படுகிறது.

பணமும் சிறிதல்ல. பதினான்காவது நிதிக்குழு 2015-20 காலத்துக்குக் கிராம ஊராட்சிகளுக்கென 2,00,292 கோடி ரூபாயைப் பரிந்துரைத்தது. பதினைந்தாவது நிதிக்குழு 2021-26 காலத்துக்கு ஊரக உள்ளாட்சிகளுக்கு 2,36,805 கோடி ரூபாயை ஒதுக்கியது. ஆனால், அதில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று முன்னதாகவே கட்டப்பட்டது. எஞ்சிய 40 சதவீதத்தை ஊரின் தேவைக்கேற்பச் செலவிடலாம். சம்பளத்துக்கும் நிர்வாகச் செலவுக்கும் மட்டும் கூடாது. ஊராட்சி சாலை போடலாம், வடிகால் கட்டலாம். எந்தச் சாலை, எந்த வடிகால், ஏன் என்று சிந்தித்துச் சொல்லும் ஆளை அந்தப் பணத்தில் அமர்த்திக்கொள்ள முடியாது.

எனவே திட்டம் எப்படி எழுதப்படுகிறது? பல மாநிலங்களில் ஒரே செயலர் பல ஊராட்சிகளைக் கவனிக்கிறார். கெடு தேதி நெருங்கும்போது கிராம சபை கூடுகிறது. இ-கிராம் ஸ்வராஜ் தளத்தில் பணிகள் பதிவேறுகின்றன. சாலை, தெருவிளக்கு, கட்டடம் என்று பட்டியல் நிறைகிறது. அது ஊரின் திட்டமாகாமல் பணிகளின் பட்டியலாகவே நின்றுவிடுகிறது என்பது பரவலான விமர்சனம். வகுப்பறையில் கேட்பதாகக் கற்பிக்கப்படும் வேலை, அலுவலகத்தில் நிரப்புவதாகச் சுருங்கிவிடுகிறது.

நகரங்களுக்கு ஆவது ஒரு கணக்கு இருக்கிறது. மாநில நகரமைப்புத் துறைகளில் 12,000-க்கும் மேற்பட்ட திட்டமிடுநர் பணியிடங்கள் தேவை. அனுமதிக்கப்பட்டவையோ 4,000-க்கும் குறைவு. அவற்றிலும் ஏறத்தாழப் பாதி காலி என்று நீதி ஆயோக் 2021-ல் அறிக்கை தந்தது. கிராம ஊராட்சிகளைப் பொறுத்தவரை, காலியிடம் என்று சொல்வதற்குக்கூடப் பணியிடம் இல்லை.

முயற்சிகளே இல்லை என்பதல்ல. கேரளம் 1996-ல் மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கி, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கியபோது இதே சிக்கலைச் சந்தித்தது. ஓய்வு பெற்ற பொறியாளர்களையும் ஆசிரியர்களையும் அலுவலர்களையும் தன்னார்வத் தொழில்நுட்பக் குழுக்களாகத் திரட்டி ஊராட்சிகளுக்குத் துணை நிற்கச் செய்தது. மாவோயிஸ்ட் தாக்கம் மிக்க மாவட்டங்களில் இளைஞர்களை அமர்த்தும் பிரதமர் ஊரக வளர்ச்சி நல்கைத் திட்டம் 2012-ல் களத்துக்கு வந்தது. ஆயினும் அவர்கள் அமர்ந்த இடம் ஆட்சியரின் பக்கம். ஊராட்சித் தலைவரின் பக்கமல்ல. 2014-ல் தில்லி ஐஐடியின் ஒருங்கிணைப்பில் தொடங்கிய உன்னத் பாரத் அபியான், உயர்கல்வி நிறுவனங்கள் கிராமங்களைத் தத்தெடுக்க வழிசெய்தது. மாணவர்கள் வருகிறார்கள், ஆய்வு செய்கிறார்கள், பருவம் முடிந்ததும் திரும்பிவிடுகிறார்கள்.

பட்டம் பெற்றவர்கள் எங்கே போகிறார்கள்? தொண்டு நிறுவனங்கள், கூட்டுறவுகள், மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கான அரசு இயக்கங்கள் ஒருபுறம். வங்கிகள், நுண்கடன் நிறுவனங்கள், நிறுவனங்களின் சமூகப் பொறுப்புப் பிரிவுகள், ஆலோசனை நிறுவனங்கள் மறுபுறம். இதில் அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கிராமத்தைக் கற்றவரை வேலைக்கு எடுக்க இத்தனை பேர் இருக்கிறார்கள். கிராமத்தின் அரசு மட்டும் இல்லை.

இனி என்ன?

இப்போது இந்தக் கேள்வி மேலும் கூர்மையடைந்துள்ளது. 2005-ம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம், பணிகளைத் தேர்வு செய்யும் பொறுப்பை கிராம ஊராட்சியிடம் வைத்தது. அதற்கு மாற்றாக 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய சட்டம் 125 நாள் வேலையைப் பேசுகிறது. பணிகள் ஊராட்சித் திட்டத்திலிருந்தே வர வேண்டும் என்றும் சொல்கிறது. அச்சட்டத்தின் நிதிப் பகிர்வு குறித்து மாநிலங்களின் ஆட்சேபம் தனி விவாதம். திட்டத்தில் இடம்பெறாத வேலை இல்லை என்றால், அந்தத் திட்டத்தை எழுதுபவர் யார் என்பது கூலித் தொழிலாளியின் அடுப்பெரியும் கேள்வியாகிவிடுகிறது.

பத்து ஊராட்சிகளுக்கு ஒரு திட்டமிடுநர் என்று வைத்தாலும் நாடு முழுவதும் 25,000 பேர் வேண்டும். இன்னொரு அதிகாரி வந்து ஊரை ஆட்டிப்படைப்பாரோ என்ற அச்சம் நியாயமானதே. வட்டார அலுவலகத்துக்குப் பதில் சொல்பவராக அவரை நியமித்தால் அதுதான் நடக்கும். அவரை ஊராட்சிகளின் கூட்டமைப்பே தேர்வு செய்து, கிராம சபைக்குப் பதில் சொல்ல வைத்தால் நிலைமை வேறு. ஆனந்தில் பால் உற்பத்தியாளர்கள் தம் மேலாளரை அப்படித்தான் வைத்துக்கொண்டார்கள்.

அரசியல் சட்டம் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இடங்களை ஊராட்சிகளில் ஒதுக்கியது; பல மாநிலங்கள் அதைப் பாதியாக உயர்த்தின. பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் தலைவர்களாயினர். தேர்தலில் வென்று வரும் அந்தத் தலைவர் முன், ஒப்பந்ததாரர் தயாரித்த மதிப்பீட்டையும் செயலர் நிரப்பிய படிவத்தையும் தவிர வேறு தாள் இல்லையென்றால், அவர் கையெழுத்திட மட்டுமே தேர்ந்தெடுக்கப்பட்டவர் ஆகிவிடுவார். மரத்தடியில் ஊரார் வரைந்த அந்தப் படத்தை அவர் மேசைக்குக் கொண்டுவந்து, இதற்கு இவ்வளவு செலவாகும், இதனால் இன்னார் பயன்பெறுவர், இன்னார் விடுபடுவர் என்று எடுத்துரைக்க ஒருவர் வேண்டும். அத்தகையவரை உருவாக்கும் கல்வி நம்மிடம் இருக்கிறது. அவரை அமர்த்திக்கொள்ளும் உரிமையையும் அதற்கான பணத்தையும் ஊராட்சிக்குத் தருவதே மிச்சமிருக்கும் வேலை. அதைச் செய்ய வேண்டியவர்கள் தில்லியிலும் மாநிலத் தலைநகரங்களிலும் இருக்கிறார்கள்.